சுக்கா மங்கும் தனம் அக்காவும்

செய்தி வந்த நேரத்தில் நான் ஒருவரை மூச்சைப் பிடித்து நிற்கச் சொல்லியிருந்தேன். நெஞ்சு எக்ஸ்ரே. தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினேன். மேசைமேல் கிடந்த கைப்பேசியில் ரவி அண்ணனின் பெயர் தெரிந்தது. "தனம் காலையில போயிட்டா தம்பி. வீட்டுலதான். தூக்கத்துல." இரண்டு முறை படித்தேன். நிமிர்ந்தால், அந்த மனிதர் முகம் சிவந்துபோய், விடலாமா என்று கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விடச் சொன்னேன். அவர் விட்டார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

தனலெட்சுமி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஈப்போவில் நாங்கள் வேலை செய்த மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் அவர் உதவியாளர். நான் அதே இடத்தில் எக்ஸ்ரே எடுப்பவன். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, விரிப்பு மாற்றுவது, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போவது, இவ்வளவுதான் காகிதத்தில் அவருடைய வேலை. ஆனால் அவருக்குத் தமிழ், மலாய், கண்டனிஸ் சீனம் மூன்றும் சரளம். ஆங்கிலமும் தேவைக்குப் போதும். அதனால் எந்த டாக்டருக்கு எந்த நோயாளி சொல்வது விளங்கவில்லை என்றாலும், "தனம் எங்கே?" என்றுதான் குரல் வரும்.

இறுதிச்சடங்கில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நல்ல மனசு. நேராகச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல மனசு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் அவரைச் சின்னதாக்கிவிடுகிறோம். அக்காவுக்கு இருந்தது அறிவு. நான் படித்த படிப்பில், நான் பார்த்த நிபுணர்களில், அந்த மாதிரி அறிவைப் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். நடக்க முடியாத நோயாளிகளுக்குக் கட்டிலிலேயே படம் எடுக்க, சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போயிருந்தேன். அக்கா சாப்பிடப் போயிருந்த நேரம். இளம் டாக்டர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தமிழ் தெரியும்தானே? ஏழாம் கட்டில் பாட்டிக்கு நாளைக்கு இடுப்பு ஆபரேஷன். விளக்கிச் சொல்லி சைன் வாங்கிக் கொடு." அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம்.

ஏழாம் கட்டிலில் பாக்கியம் என்ற அம்மா. எழுபது வயது இருக்கும். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஆயுள் முழுக்கப் பால் வெட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. இடுப்பு மூட்டு முன்பே தேய்ந்திருந்ததால் முழு மூட்டையும் மாற்ற முடிவு செய்திருந்தார்கள்.

நான் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன் என்று நினைத்தேன். "பாட்டி, அசெட்டாபுலம் தேஞ்சுபோச்சு. தொடை எலும்போட தலையை வெட்டி எடுத்துட்டு, கப்பும் ஸ்டெம்மும் வச்சு ரீப்ளேஸ் பண்ணுவாங்க. சரியா?"

"சரிங்கய்யா."

"சந்தேகம் இருக்கா?"

"இல்லீங்கய்யா. சரிங்கய்யா. நீங்க சொன்னா சரிங்கய்யா."

கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சம்மதப் பாரத்தைக் கோப்பில் செருகிவிட்டு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன்.

லிஃப்ட்டுக்குப் போவதற்குள் அக்கா திரும்பி வந்திருந்தார். கோப்பைப் புரட்டிக்கொண்டே, "யாரு சைன் வாங்குனது?" என்று கேட்டார்.

"நான்தான். டாக்டர் சொன்னாங்க."

"எத்தன தடவ சரி சொன்னாங்க?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "மூணு, நாலு தடவ. ஏன்?"

"மூணு தடவ சரின்னா ஒண்ணும் வெளங்கலன்னு அர்த்தம் தம்பி. வெளங்குனவங்க கேள்வி கேப்பாங்க. இல்லன்னா திட்டுவாங்க."

கோப்பை எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்கு நடந்தார். ஏதாவது தப்பாகிவிட்டதோ என்பதைவிட, என் வேலையைச் சோதிக்கிறாரே என்ற கோபத்தில்தான் நானும் பின்னால் போனேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு அவர் நோயாளியிடம் பேசி நான் பார்த்ததில்லை.

"பெரியம்மா, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா."

"நாளைக்கு என்ன பண்ணப் போறாங்க, எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன். நான் அப்ப இல்ல."

பாக்கியம் அம்மா சாதாரணமாகச் சொன்னார். மழை வரும்போல இருக்கு என்பதுபோல. "காலை எடுக்கப் போறாங்கம்மா. சரின்னு சைன் போட்டுட்டேன்."

நான் அக்காவின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தேன்.

"காலை எடுக்கறதா யாரு சொன்னா?"

"இந்த ஐயாதான், வெட்டி எடுக்கணும்னாரு. எங்க வீட்டுக்காரருக்கும் இங்கதான் எடுத்தாங்க, சக்கரை வியாதியில. பெரியவங்க பாத்துச் சொல்றாங்க, நாம என்னத்தச் சொல்றது. ஒரே ஒரு இதுதான், எடுத்த காலை வீட்டுக்குக் குடுப்பாங்களாம்மா? அவரோடத எங்க பொதைச்சாங்கன்னே தெரியாது."

இதைப் படிக்கும் உங்களுக்கு எப்படி இருக்கிறதோ தெரியாது. எனக்கு அந்த இடம் இன்னும் கூசுகிறது. ஓர் அம்மா தன் காலை வெட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஏன்? கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவன் காகிதத்தை நீட்டினான். தோட்டத்தில் காகிதம் நீட்டினால் கைநாட்டு வைப்பார்கள், கேள்வி கேட்பதில்லை. அவருக்கு அது மரியாதை. அந்த மரியாதையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பாரத்தை எடுத்து நான்காகக் கிழித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு இடது உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குழித்தார்.

"பெரியம்மா, பால் மரத்துல மங்கு மாட்டியிருக்கும்ல?"

"ஆமா."

"அந்த மாதிரி ஒரு மங்கு உங்க இடுப்பு எலும்புல இருக்கு. இப்படி, வெளிப்பக்கம் பாத்து." வலது கை முஷ்டியை மங்குக்குள் வைத்தார். "இது தொடை எலும்போட உருண்டை. மங்குக்குள்ள சுத்தும். அதனாலதான் காலை முன்னால வைக்க முடியுது, சம்மணம் போட முடியுது. நீங்க விழுந்ததுல உருண்டைக்குக் கீழ ஒடஞ்சுபோச்சு. மங்கும் ஏற்கெனவே சொரசொரப்பாயிருச்சு."

"கட்டிப்பால் ஒட்டுன மங்கு மாதிரி."

"அதேதான். ஒடஞ்ச உருண்டையை மட்டும் எடுத்துட்டு இரும்பு உருண்டை வைப்பாங்க. பழைய மங்குக்குள்ள புது மங்கு பதிப்பாங்க. காலு உங்க காலுதான். அதை யாரும் வெட்டி எடுக்க மாட்டாங்க."

பாக்கியம் அம்மா தன் கையைக் குழித்து, மறு கையின் முஷ்டியை உள்ளே வைத்து, மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க," என்றார் அக்கா. அந்த அம்மா சொன்னார். ஒரு வார்த்தை பிசகாமல், உடைந்த இடத்தைத் தன் இடுப்பிலேயே தொட்டுக் காட்டி. எனக்கு எலும்பியல் தேர்வு வைத்த பேராசிரியரிடம் நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் கேள்விகள் வந்தன. வலிக்குமா, எத்தனை நாள், ஆபரேஷன் தப்பாய்ப் போனால் என்ன ஆகும். கடைசியாக, "நல்ல மங்கா குடுக்கச் சொல்லும்மா. எங்கள வேலை வாங்குன மண்டோரு எனக்குன்னா ஓட்டை மங்காப் பாத்துத்தான் குடுப்பான்."

அக்கா டாக்டரிடம் போய்ப் புதுப் பாரம் கேட்டார். நாளைய ஆபரேஷன் பட்டியலை அனுப்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது, அந்த அம்மாவின் இடம் போய்விடும் என்றார் டாக்டர். அக்கா குரலை உயர்த்தவில்லை. "அவங்க காலை எடுக்கறதுக்கு சைன் போட்டிருந்தாங்க, டாக்டர்," என்று மலாயில் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, பட்டியலின் கடைசியில் அந்தப் பெயரைச் சேர்க்கச் சொன்னார். மறுநாள் மாலை ஆபரேஷன் முடிந்தது. அதற்கடுத்த நாள் பாக்கியம் அம்மா ஊன்றுகோல் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றார். இரண்டு காலில்.

இந்த இடத்தில் நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். கேட்கவில்லை. சண்டை போட்டேன். குற்ற உணர்ச்சி வந்தால் எனக்கு வாய் நீளும். "அக்கா, விளக்குனது சரி. ஆனா மங்கு, உருண்டைன்னு சொல்றதெல்லாம் சரியில்ல. அதுக்குப் பேரு அசெட்டாபுலம். அறிவியல்ல ஒரு பேருன்னா ஒரு பேருதான்."

"சரி தம்பி. அசெட்டாபுலம்னா என்ன?"

"இடுப்பு எலும்புல இருக்கிற அந்தக் குழி."

"அது எங்க இருக்குன்னு சொல்ற. பேருக்கு என்ன அர்த்தம்? யாரோ ஒருத்தன் பாத்துட்டுத்தான வச்சிருப்பான்?"

எனக்குத் தெரியாது. உடம்பின் இருநூற்றுச் சொச்சம் எலும்புகளையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன். ஒரு பெயரைக்கூட ஏன் என்று கேட்டதில்லை. அக்கா வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், அன்று மத்தியானம் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து தேடினேன். ஏதோ பெரிய கிரேக்கத் தத்துவம் இருக்கும், போய் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அசெட்டம் என்றால் லத்தீனில் புளித்த காடி, அதாவது வினிகர். மலாயிலிருந்து எடுத்து நாம் சுக்கா என்கிறோமே, அது. ஆபுலம் என்பது ஒன்றை வைத்துக்கொள்ளும் பாத்திரத்தைக் குறிக்கும் விகுதி. அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் காடி ஊற்றி வைக்கும் சின்னக் கிண்ணத்துக்குப் பெயர் அசெட்டாபுலம். ரொட்டியைத் தொட்டுத் தின்ன. யாரோ ஒருவன் காய்ந்த இடுப்பெலும்பைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான். வீட்டுக் கிண்ணம் ஞாபகம் வந்திருக்கிறது. அதையே பெயராக வைத்துவிட்டான். ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நான் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தோற்றுப்போனவனாகத்தான் அக்காவிடம் போனேன். சொன்னேன். அவர் ஒரு தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சுக்காவா?"

"சுக்காதான்."

"சுக்கா ஊத்துற மங்கு?"

"ஆமாக்கா."

அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஏன் என்று புரியவில்லை. நான் ஜெலாப்பாங் அடுக்குமாடியில் வளர்ந்தவன், பால் மரத்தைக் காரில் போகும்போது பார்த்ததோடு சரி. அவர்தான் சொன்னார். அவருடைய அப்பா தோட்டத்தில் பால் உறையவைக்கும் ஸ்டோரில் வேலை செய்தவர். மங்கு மங்காகச் சேர்த்து வரும் பாலைத் தொட்டியில் ஊற்றி, உறைவதற்கு அதில் கலப்பது ஓர் அமிலம். அதையும் தோட்டத்தில் சுக்கா என்றுதான் சொல்வார்கள். மங்கும் சுக்காவும் இல்லாமல் ரப்பர் இல்லை.

"ரோமாபுரிக்காரனும் எங்க அப்பாகூட ஸ்டோர்ல இருந்திருப்பான்போல," என்றார்.

நான் தொழில்நுட்பம் படித்தவன். தற்செயலுக்கு அர்த்தம் கற்பிக்க மாட்டேன். காடிக் கிண்ணம் வேறு, பால் மங்கு வேறு. ஆனால் அக்கா அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. யாரும் கண்ணால் பார்த்திராத ஒன்றை, எல்லாரும் கையில் பிடித்திருக்கும் ஒன்றைக் கொண்டு சொல்வது என்ற அதே வழியில்தான் அவரும் நடந்திருக்கிறார். முதல் பெயர் வைத்தவன் நடந்த வழி. இடையில் எத்தனையோ நூற்றாண்டுகள், எத்தனையோ பட்டங்கள். இவரோ பத்தொன்பது வயதுவரை பால் வெட்டிவிட்டு வந்து வார்டில் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தவர். எனக்குப் பிரமிப்பாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"பேரு வச்சவன் சாப்பாட்டு மேசையைப் பாத்து வச்சிருக்கான்," என்றார் அக்கா. "அதைப் பூட்டி வச்சது பின்னால வந்த படிச்சவங்க."

அதற்குப் பிறகு என்னைக் கண்டால், "இன்னைக்கு என்ன எலும்பு?" என்பார். நானும் ஒன்று தேடி வைத்திருப்பேன். முதுகுத்தண்டின் கடைசி எலும்பான காக்சிக்ஸ், குயிலின் அலகு. "நல்லா இருக்கு" என்றார். முழங்கால் சில்லு பட்டெல்லா, சின்னத் தட்டு. "அதுவும் சரி." தோளருகே இருக்கும் கிளாவிக்கிள், சின்னச் சாவி. "சாவியா? எந்தப் பூட்டுக்கு? இது ஒத்துவரல தம்பி. நம்ம ஆளுங்க காறை எலும்புன்னு சொல்றதுதான் சரி, கழுத்துல காறை போட்ட மாதிரி அப்படியே இருக்கு." லத்தீனைத் திருத்த ஈப்போவில் ஓர் ஆள் இருந்தார், உலகத்துக்குத் தெரியாது.

ஒரு நாள் ஆர்ட்டரி என்ற சொல்லைக் கொண்டுபோனேன். இரத்தம் ஓடும் தமனிக்கு அந்தப் பெயர். ஆனால் ஆதியில் அது மூச்சுக்குழாயைக் குறித்த சொல். பழங்கால வைத்தியர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்தபோது தமனிகள் காலியாக இருந்தன. அதனால் அவற்றில் காற்று ஓடுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. வேடிக்கை என்று நினைத்துச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"செத்தவங்கள மட்டும் பாத்தா அப்படித்தான் தோணும். உசுரோட இருக்கிறவங்கள கேக்கணும்."

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. படம் எடுத்தது வேறொருவர், ஆனால் நான் திரையில் பார்த்துவிட்டேன். கல்லீரலில் மூன்று இடம். எங்கிருந்தோ பரவி வந்த புற்று. பார்க்கத் தெரிந்தவனுக்கு அதில் விளக்கம் தேவையில்லை. ஒரு பெரிய ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அக்கா வேண்டாம் என்றார். அவருடைய கணவர் ரவி அண்ணன், லாரி ஓட்டுபவர், வார்டுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னா கேப்பா தம்பி. நீதான் படிச்சவன். எப்படியாச்சும் சைன் வாங்கிடு."

உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்துதான் பேசினேன், அந்த அளவுக்காவது அக்காவின் பழக்கம் படிந்திருந்தது. எல்லாம் சொன்னேன். அக்கா முழுவதும் கேட்டார்.

"நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன், சரியாப் பாரு." சொன்னார். ஈரலில் எங்கே, எவ்வளவு வெட்டுவார்கள், எத்தனை வாரம் படுக்கை, என்ன கிடைக்கலாம், என்ன கிடைக்காமல் போகலாம். "சரியா?"

"சரிதான்."

"இப்ப நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு. எனக்கு ஆபரேஷன் வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன். வலிக்கு மட்டும் மருந்து குடுங்க. புரிஞ்சுதான் சொல்றேன்."

நான் சொன்னேன். "நீங்க பயந்துபோய் வேண்டாங்கறீங்க..."

"பயம்னு நான் சொன்னேனா?"

மறுபடி சொன்னேன். இந்த முறை கடைசி வாக்கியம் விட்டுப்போனது. வேண்டுமென்றே விட்டேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா காத்திருந்தார். மூன்றாவது முறை நான்கு வாக்கியங்களும் வந்தன.

"போய் ரவிகிட்ட சொல்லு. நான் சொன்னா அவரு அழுவாரு, நானும் அழுதிருவேன், விஷயம் போயிடும்."

மொழிபெயர்க்கும்போது அக்கா, 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. நோயாளி எப்படிச் சொன்னாரோ அப்படியே, 'எனக்கு வலிக்குது' என்றுதான் சொல்வார். யாருக்கு வலி, உனக்கா அவருக்கா என்று டாக்டர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அன்று நடைவழியில் ரவி அண்ணன் முன்னால் நின்றபோது, எனக்கு வேறு எப்படியும் சொல்ல வரவில்லை.

"எனக்கு ஆபரேஷன் வேண்டாம். நான் வீட்டுக்குப் போறேன். வலிக்கு மட்டும் மருந்து குடுங்க. புரிஞ்சுதான் சொல்றேன்."

ரவி அண்ணன் என் முகத்தையே பார்த்தார். தாடி வைத்த இருபத்தேழு வயது ஆண்பிள்ளையின் முகத்தை. பிறகு மெதுவாகக் கேட்டார். "ரொம்ப வலிக்குதா ஒனக்கு?"

என்னிடம் இல்லை, அக்காவிடம் கேட்டார். ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். 'இல்ல, பரவாயில்ல' என்று வாய்வரை வந்தது. ஆனால் அதை அக்கா சொல்லவில்லையே. "இருங்கண்ணே" என்று திரும்பி உள்ளே போய்க் கேட்டேன். அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார். வெளியே வந்து அப்படியே சொன்னேன்.

"வலிக்குது. நீங்க உள்ள வாங்க."

அவர் போனார். நான் கதவைச் சாத்தினேன்.

அக்காவிடமிருந்து பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு வராது, என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த நடைவழியிலிருந்து கட்டிலுக்கு, அவரையே கேட்க நான் இரண்டாம் முறை நடந்தேனே, பத்தடி இருக்கும், அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.